புதுக் கெப்பும் பதினொரு சாக்குக் கொழுந்தும்

யாழ்ப்பாணத்தில் உயரமான பொருட்கள் இரண்டு. ஒன்று பனைமரம், மற்றது கோயில் கோபுரம். இரண்டிலும் வாகனம் ஏற்ற வேண்டிய தேவை எவருக்கும் வந்ததில்லை. முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறேன். ஹேண்ட் பிரேக்கை ஒரு மரியாதைக்காகத்தான் இழுத்துவிடுவது வழக்கம். தரை தட்டை. வண்டி எங்கே ஓடிப்போகும்?

அப்படிப்பட்ட நான் என் வாழ்நாளின் முதலாவது புத்தம்புது வாகனத்தைக் கண்டியில் போய் எடுத்தேன். நான் விரும்பிய வெள்ளை டபுள் கெப் அங்கேதான் இருந்தது. முன்னால் ஐந்து பேர் உட்காரலாம், பின்னால் திறந்த பெட்டி. வெங்காயத்தையும் புகையிலையையும் என் கையாலேயே சந்தைக்குக் கொண்டுபோகலாம் என்பது மனைவியிடம் சொன்ன காரணம். இன்னொரு காரணமும் உண்டு. ஐம்பது வயது தாண்டிய மனிதனுக்கு உயரமான இடத்தில் உட்கார்ந்து மற்றவர்களைப் பார்க்க ஆசை வரும். அதைச் சொல்லவில்லை.

கண்டி எங்களுக்கு வெளிநாடுதான். கடவுச்சீட்டு கேட்பதில்லை, அவ்வளவுதான். மொழி வேறு, காற்று வேறு, சம்பலின் உறைப்பு வேறு. பேராதனையில் நான்கு வருடம் படித்தவன் என்ற திமிர் எனக்கு இருந்தது. ஆனால் அந்த நாட்களில் மலை என்பது பஸ்காரனின் பிரச்சினை.

முதல் நாள். வண்டியை என்னிடம் கொடுத்தவர்கள் நான்கு டயருக்கும் கீழே நான்கு எலுமிச்சங்காய் வைத்தார்கள். என்னோடு படித்த நிஸாம் கூட வந்திருந்தான். கண்டியில் வாசனைச் சரக்குக் கடை வைத்திருப்பவன். அவன் முன்கண்ணாடியைத் தொட்டுக் கண்ணை மூடி ஏதோ ஓதினான். பௌத்த பிக்கு ஓதிக் கட்டிய நூல் ஒன்று ஏற்கனவே ஸ்டியரிங்கில் இருந்தது. நான் என் பங்குக்கு விபூதியை எடுத்துக் கண்ணாடியில் பூசினேன். வைப்பரைப் போட்டதும் முதலில் போனது அதுதான்.

ஏறி உட்கார்ந்தேன். அடடா! பஸ் சாரதியின் கண்ணுக்கு நேரே என் கண். ஆட்டோக்கள் எல்லாம் கீழே எங்கோ எறும்பு போல. இருக்கைகளின் மேலே கொம்பனி போட்ட பிளாஸ்டிக் உறை சரசரத்தது. புது வண்டியின் வாசம் என்பது பசையும் ரப்பரும் கலந்த ஒரு நாற்றம்தான். ஆனாலும் மூக்கு நிறைய இழுத்தேன்.

வண்டி பேசுகிறது. பெல்ட் போடாவிட்டால் கத்தும். பின்னால் போனால் திரையில் நாயைக் காட்டும். வீதியின் கோட்டைத் தாண்டினால் கீச்சிடும். வாவியைச் சுற்றிப் போன அரை மணி நேரமும் அது வாயை மூடவில்லை. கோடு என்றால் தாண்டக் கூடாதது என்று நம்பும் ஏதோ ஒரு தேசத்தில் அதைச் செய்திருக்கிறார்கள். கண்டியில் கோடு ஒரு கருத்து. ஏற்பவர் ஏற்கலாம்.

நிஸாமின் வீடு ஒரு மேட்டு ஒழுங்கையில். பாதி வழியில் நிறுத்தி எடுக்க வேண்டி வந்தது. கிளச்சை விட்டேன், வண்டி பின்னால் போயிற்று. மறுபடி விட்டேன், மறுபடியும் போயிற்று. பின்னால் வந்த முச்சக்கர வண்டிக்காரர் சிங்களத்தில் கத்தியதை நிஸாம் மொழிபெயர்த்தான்: "நீ ஏறுறியா, இல்ல என்ட மடியில உக்காரப் போறியாண்டு கேக்குறார்."

"அப்பிடியே சொன்னவரோ?"

"இல்ல மச்சான். நான் மரியாதையா மாத்திச் சொல்றேன்."

இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பம், கோழி ஆணம், வட்டிலப்பம். நான் வீட்டில் சைவம், வெளியில் சர்வமதம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மனைவியின் அழைப்பு வந்தது. "என்னப்பா, கீறல் ஒண்டும் விழேல்லைத்தானே? சீற்றில இருக்கிற பிளாஸ்டிக்கைக் கழட்டிப்போடாதையுங்கோ. இஞ்ச சனம் வந்து பாக்கும்."

இரண்டாம் நாள் கடுகண்ணாவைப் பக்கம் போனோம். அங்குள்ள மலைக் கணவாயில் ஏறுவது சுலபம். டீசல் இயந்திரம் உறுமிக்கொண்டு தானாகவே போகிறது. பக்கத்தில் ரயில் ஒன்று நெளிந்து நெளிந்து மேகத்துக்குள் போவதும், பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சை சரிந்து கிடப்பதும் தெரிந்தது. நான் இதையெல்லாம் பார்த்து உருகிக்கொண்டே இறங்கினேன். இறங்கும்போது பிரேக்கில் வைத்த காலை எடுக்கவே இல்லை. எங்கள் ஊரில் நிற்க வேண்டும் என்றால் பிரேக், அவ்வளவுதான் சூத்திரம்.

ஒரு வளைவில் கருகிய வாசனை வந்தது. "ஆரோ குப்பை எரிக்கினம்" என்றேன்.

"குப்பை நீதான்," என்றான் நிஸாம். "ரெண்டாம் கியர்ல போடு மச்சான்! இஞ்சின் புடிக்கும். பிரேக்க வுடு!"

ஓரமாக நிறுத்தினோம். முன்சக்கரத்திலிருந்து மெல்லிய புகை. அவித்த சோளம் விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் எங்களைப் பார்த்துப் பக்கத்துக் கடைக்காரியிடம் சிங்களத்தில் சொன்னாள்: "புது வண்டி, பழைய மனுசன்." அதை எனக்கு மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை. பிரேக் ஆறும்வரை ஆளுக்கு இரண்டு சோளம் தின்றோம். உப்புத் தண்ணீரில் அவித்தது. நன்றாகவே இருந்தது.

மூன்றாம் நாள்தான் விஷயம்.

நிஸாமுக்குக் கலஹாவில் கராம்பு வாங்க வேண்டியிருந்தது. தேயிலைக்கு நடுவே அந்தப் பாதை ஒடுங்கிக்கொண்டே போனது. கடைசியில் கெப்பும் பாதையும் ஒரே அகலம். மேலே ஒரு தகரக் கொட்டகை. கொழுந்து நிறுக்கும் இடம், மடுவம் என்கிறார்கள். அதன் வாசலில் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், இடுப்பில் கைவைத்து, கீழே போகும் பாதையையே முறைத்துக்கொண்டு நின்றாள். தெய்வானை. நிஸாமுக்குக் கராம்பு கொடுப்பவள்.

"என்னாத்துக்கு வந்தீங்க நானா? இன்னைக்கி கராம்பு பேச்செல்லாம் எடுக்காதீங்க. லொறி கீழ அச்சு ஒடஞ்சி கெடக்கு" என்றாள் நிஸாமிடம். நானா என்றால் அண்ணன்.

கதை இதுதான். தேயிலைத் தோட்டக் கொம்பனி கைவிட்ட ஒரு மலையைத் தெய்வானையும் இன்னும் ஏழு பெண்களும் துண்டு துண்டாக எடுத்து, காடு வெட்டி, தேயிலையை மீட்டிருக்கிறார்கள். கொழுந்தை வாங்குவது கீழே உள்ள ஒரு தனியார் தொழிற்சாலை. அதன் லொறி நண்பகலில் வந்து ஏற்றிப் போகும். போன மாதம் இரண்டு தடவை கொழுந்து சிவந்து போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னொரு தடவை கெட்ட கொழுந்து வந்தால், அல்லது வராமலே விட்டால், இந்த மலைக்கு லொறி அனுப்ப மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். லொறி இல்லாவிட்டால் எட்டு வீட்டுக் கொழுந்தையும் வாங்க ஆளில்லை. மலை மறுபடியும் காடு.

கொட்டகைக்குள் பதினொரு வலைச் சாக்குகள், காலையில் கிள்ளிய ஈரக் கொழுந்தோடு.

நிஸாம் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "இவர்ட வண்டி ஈக்குதானே."

தெய்வானை கெப்பைச் சுற்றி வந்தாள். "இதுவா? இது மந்திரி வண்டி மாதிரி இருக்கு. இதுல கொழுந்து ஏத்துவாங்களாண்ணே?"

"ஏத்தலாம்" என்றேன். என் தொண்டைக்குள்ளிருந்து யாரோ சொன்னது போல இருந்தது.

"அப்ப ரெண்டு நட போகணும். மொதல்ல ஆறு ஏத்துங்க. நான் சேல மாத்திட்டு, கொழுந்துப் பொஸ்தகத்த எடுத்துட்டு ஓடியாறேன்." அவள் தன் லயத்து வீட்டுப் பக்கம் ஓடினாள். மற்ற ஏழு பேரும் பிற்பகல் கொழுந்துக்கு ஏற்கனவே மலை ஏறிவிட்டார்கள். நிஸாம் பக்கத்து வீட்டில் கராம்பு நிறுக்கப் போய்விட்டான்.

தனியே நின்றேன், பதினொரு சாக்கோடும் என் அறிவோடும்.

இலை கட்டுவதில் நான் கெட்டிக்காரன். புகையிலையை அடுக்கி, முழங்காலால் அமுக்கி, காற்றுப் போகாமல் மூடி வைத்தால்தான் அது வேர்த்துப் பதமாகும். சூடு ஏறுவதுதான் அந்தத் தொழிலே. தூறல் வேறு விழத் தொடங்கியிருந்தது. பெட்டியின் பெயின்ற் உரசாதபடி புதுத் தறப்பாளை முதலில் விரித்தேன். பதினொரு சாக்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக மிதித்து மிதித்து இறக்கினேன். தறப்பாளின் நான்கு பக்கத்தையும் மேலே மடித்து, கயிறு போட்டு, குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றிக் கட்டினேன். ஒரு சொட்டு மழை உள்ளே போகாது. காற்றும்தான். அதை அப்போது பெருமையாக நினைத்தேன்.

தெய்வானை நீலச் சேலையில் ஓடிவந்தாள். மழை வலுத்திருந்தது. அவளும் நிஸாமும் தலையைக் குனிந்துகொண்டு நேரே முன்னுக்கு ஏறிக்கொண்டார்கள்.

"ஒரே நடையில முடிச்சுப்போட்டன்" என்றேன்.

"பதினொண்ணுமா? எப்புடிண்ணே?" கண்ணாடியால் பின்னே பார்த்தாள். தறப்பாள் தெரிந்தது. மழைக்கு மேலே ஒரு கூரை போட்டிருக்கிறேன் என்று நினைத்திருக்கிறாள். "பரவாயில்லயே" என்றாள். எனக்குக் காது வரை மகிழ்ச்சி.

பாரம் ஏறியதும் வண்டியின் குணமே மாறிவிட்டது. வெறும் பெட்டியோடு பள்ளங்களில் ஆட்டுக்குட்டி போலத் துள்ளியது, இப்போது தன் வேலை என்னவென்று தெரிந்த மாதிரி அமர்ந்து இறங்கியது. இரண்டாம் கியர். கால் பிரேக்கில் இல்லை. நான் படித்துவிட்டேன் என்று நிஸாமைப் பார்த்தேன். அவன் கராம்பு மென்றுகொண்டிருந்தான்.

பாதி வழியில், ஒரு வளைவில், பஸ். மேலே ஏறி வந்துகொண்டிருந்தது. இரண்டு மூக்கும் ஒரு முழ இடைவெளியில் நின்றன. நான் ஹோர்ன் அடித்தேன். பஸ் சாரதி கையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஏறி வாறவனுக்குத்தான் வழி, மச்சான். எறங்குறவன் பின்னால போகணும். மலைச் சட்டம்" என்றான் நிஸாம்.

"ஆர் போட்ட சட்டம்?"

"மலை."

பின்னால் போக வேண்டும். மேட்டில். வளைவில். மழையில். கெமராத் திரையில் தெரிந்தது என் அழகிய தறப்பாளின் ஒரு மூலை, முழுக் கறுப்பு. பஸ் ஜன்னல்களில் எல்லாம் தலைகள். "இடதுக்கு வெட்டு, இடதுக்கு" என்று நடத்துனர் சிங்களத்தில் ஓதினார். "மாமா, பள்ளத்துல வுட்டுறாதீங்க, நாங்க வேலைக்கிப் போகணும்" என்று ஒரு பெண்ணின் குரல். சிரிப்பு. தெய்வானை தாங்க முடியாமல் கதவைத் திறந்து குதித்தாள். பின்னால் போய் நின்று, ஒரு கையைப் பெட்டியின் விளிம்பில் வைத்து, மறுகையால் "வாங்க வாங்க வாங்க" என்று கூப்பிட்டாள்.

திடீரென்று "வாங்க" நின்றுபோனது.

வண்டியை ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு இறங்கினேன். அவள் கையைத் தறப்பாள் மடிப்புக்குள் முழங்கை வரை விட்டிருந்தாள்.

"என்னாண்ணே இது?" குரல் தாழ்ந்திருந்தது. "அடுப்பா?"

"மழை படாமல்..."

"கொழுந்துக்கு மழ என்னா செய்யும்? அது மழயிலதான் நிக்கிது! மூச்சு முட்டி வேகுது பாருங்க!" கயிற்றைப் பல்லால் இழுத்தாள். "மிதிச்சிருக்கீங்க! கொழுந்த மிதிச்சிருக்கீங்க! யாருங்க கொழுந்த மிதிப்பாங்க?"

புகையிலைக்காரன் மிதிப்பான். தறப்பாள் திறந்ததும் ஒரு வெந்த வாசனை, பழுத்த பழம் அவிந்தது போல. அடியில் இருந்த ஐந்து சாக்கும் கையை வைக்க முடியாத சூடு. இரண்டில் கொழுந்தின் காம்பு ஏற்கனவே சிவக்கத் தொடங்கியிருந்தது.

பஸ்ஸிலிருந்து ஒருத்தி இறங்கினாள். பிறகு இன்னொருத்தி. ஐந்தாறு பெண்கள். யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் கொழுந்தின் மணத்தை வைத்தே தெரிந்துகொண்டார்கள். சாக்கை அவிழ்த்து, கையை விட்டு, கோழி கிளறுவது போல உதறத் தொடங்கினார்கள். "மேல உள்ளது தப்பிச்சிரும். அடியில உள்ளத எங்கயாச்சும் பரத்தணும்" என்றாள் ஒருத்தி. எங்கே பரத்துவது? பாதை சேறு. தறப்பாள் சூடு.

தெய்வானை என் கெப்பின் கதவைப் பார்த்தாள். நானும் அவள் பார்த்ததைப் பார்த்தேன்.

"உள்ள குளுருதுல்லண்ணே?"

"ஏசி இருக்கு..."

"எவ்ளோ குளுரு வைக்கலாம்?"

நிஸாம் முந்திக்கொண்டான். "பதினாறு வர எறங்கும்."

"அப்ப பின் சீட்டு பூரா கொட்டுவோம். அந்தப் பிளாஸ்டிக்க கழட்டுங்க. அதுலயும் வேர்க்கும்."

நான் அசையவில்லை. ஒரு நிமிடம் கூட இருக்காது. அந்த ஒரு நிமிடத்தில் நான் எவ்வளவு சின்ன மனிதன் என்று எனக்கு நன்றாகவே தெரிந்தது. பஸ்ஸில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்கும். பிறகு பின்கதவைத் திறந்து, பிளாஸ்டிக்கைப் பிடித்து இழுத்தேன். அது கிழிந்த சத்தத்தில் எனக்குப் பல் கூசியது.

அப்போது பார்த்து, டாஷ்போர்டு முழுக்க ஒலிக்கும்படி மனைவியின் அழைப்பு. ஃபோனை வண்டியோடு இணைத்துக் கொடுத்தவன் நிஸாம். பொத்தானை அமுக்கியவனும் அவனே.

"என்னப்பா, எங்க நிக்கிறியள்? சீற் உறை கழட்டேல்லைத்தானே?"

ஆறு பெண்களும் ஒரு நடத்துனரும் என்னையே பார்த்தார்கள்.

"இல்லையப்பா" என்றேன். "அதுவாக் கழண்டுட்டுது."

ஐந்து சாக்கையும் உள்ளே கொட்டினோம். பின்னிருக்கை, கால் வைக்கும் இடம், முன்னிருக்கையின் பாதி. வண்டிக்குள் ஒரு பச்சைக் குளம். மற்ற ஆறும் பெட்டியில், வாய் திறந்து, தளர்வாக, காற்றோடு. ஏசியைப் பதினாறுக்கு இறக்கினேன். நிஸாமுக்கு இடமில்லை, பஸ்ஸில் மேலே போய் மடுவத்தில் காத்திருப்பதாகச் சொன்னான். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

மீதி வழி முழுக்கத் தெய்வானை முன்னிருக்கையில் ஒடுங்கி உட்கார்ந்து, பின்னால் திரும்பி, இரண்டு கையாலும் கொழுந்தை அளைந்துகொண்டே வந்தாள். பற்கள் கிடுகிடுத்தன. எனக்கும்தான். என் கணுக்காலில் ஓர் அட்டை ஏறியது. கண்ணாடி எல்லாம் பனிப் புகார் படிந்துவிட்டது. உள்ளே பச்சை வாசனை, வெளியே மழை, இரண்டாம் கியரின் ஒரே சுருதியான முனகல். ஒரு காட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மலை இறங்குகிறேன் என்று தோன்றியது.

"அண்ணே, ஊர்ல என்னா வேல?"

"தோட்டம். வெங்காயம். புகையிலை."

"பொகையிலையா." சற்று நேரம் அளைந்தாள். "அதான்."

தொழிற்சாலையில் கொழுந்து பார்க்கிறவர் ஒரு சிங்களவர். மெலிந்த மனிதர், முழங்கை வரை மடித்த சட்டை. பெட்டியில் இருந்த சாக்குகளில் கையை விட்டார். தலையை ஆட்டினார். பிறகு கெப்பின் கதவைத் திறந்தார். குளிரும் கொழுந்தும் சேர்ந்து அவர் மேல் சரிந்தன. அவர் சிங்களத்தில் ஏதோ சொன்னார். சுற்றி நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"என்னவாம்?"

"கொழுந்து ஏசியில வந்தா அடுத்த தடவ சோபா கேக்குமாம்" என்றாள் தெய்வானை.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. அவர் குனிந்து, அடியிலிருந்து அள்ளி, மணந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவள் கொழுந்துப் புத்தகத்தை மார்போடு அணைத்தபடி அவர் கையையே பார்த்தாள். என் உடைந்த சிங்களத்தில் "தவறு என்னுடையது, இவர்களுடையது இல்லை" என்றேன். வாக்கியம் சரியாக வந்ததா தெரியவில்லை. அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒன்பது என்று எழுதினார். இரண்டு சாக்கு அளவுக்குச் சிவந்ததைத் தனியாக ஒதுக்கினார். லொறியைத் திருத்தி முடிக்க நாளை மறுநாள் ஆகும், நாளைய கொழுந்தும் இதே நேரத்துக்கு வர வேண்டும், சிவக்காமல் வர வேண்டும், என்றார். இந்தப் பாதைக்கு இனியும் லொறி அனுப்புவதா என்ற முடிவை நாளைக்குச் சொல்வாராம்.

திரும்பிப் போகும்போது மடுவத்தில் நிஸாமும், கூடையோடு ஏழு பேரும் காத்திருந்தார்கள்.

"எத்தன?"

"ஒம்பது."

"ரெண்டு?"

தெய்வானை நாடியை நீட்டி என்னைக் காட்டினாள். எட்டுப் பெண்களும் என்னைப் பார்த்தார்கள். பிறகு நான் அங்கே இல்லாதது போலப் பேசத் தொடங்கினார்கள்.

"நாளைக்கி யாரு கொண்டு போறது?"

"இவருதான். வேற வண்டி எங்க இருக்கு?"

"ஐயோ, இவரா? மறுபடியும் மிதிப்பாரு."

"மிதிக்க மாட்டாரு. ஏத்துறது நம்ம. இவரு ஓட்டட்டும்."

"ஓட்டுறதாச்சும் தெரியுமா? பஸ்ஸுல வந்த மாரியாயி சொன்னா..."

"மெதுவாத்தான் ஓட்டுறாரு. பாவம், பயந்த ஆளு. அது நல்லதுதான்."

எட்டில் ஆறு பேர் சரி என்றார்கள். வாழ்க்கையில் நான் வென்ற ஒரே தேர்தல். அன்று அவர்கள் கொடுத்த ரொட்டியும் கட்டச் சம்பலும் இன்னும் நாக்கில் நிற்கிறது. என்னைக் கேட்காமலே தட்டில் மூன்றாவது ரொட்டியும் விழுந்தது.

நான்காம் நாள் நான் ஊருக்குப் புறப்பட்டிருக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்கு மடுவத்து வாசலில் நின்றேன். சாக்கைத் தொட என்னை விடவில்லை. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நில்லுங்கள் என்று உத்தரவு. தெய்வானை ஒவ்வொரு சாக்கையும் நிமிர்த்தி, ஒன்றோடொன்று இடிக்காமல், நடுவே காற்றுக்கு வழி விட்டு அடுக்கினாள். முதல் நடைக்கு ஆறு, இரண்டாம் நடைக்கு ஐந்து. வளைவுகளுக்கு முன்னால் ஹோர்ன் அடித்தேன். ஏறி வந்தவர்களுக்கு நானாகவே பின்னால் போனேன். ஒரு லொறிக்காரர் கையை உயர்த்தி நன்றி சொன்னார். ஊரில் ஒருவரும் எனக்கு வீதியில் நன்றி சொன்னதில்லை.

மெலிந்த மனிதர் சட்டையை மடித்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று கையை விட்டுக்கொண்டே போனார். பதினோராவது சாக்கில் கை அதிக நேரம் நின்றது. அவர் கையை எடுத்தார், தெய்வானையை ஒரு கணம் பார்த்தார், காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். பதினொன்று என்று எழுதினார். பிறகு இரண்டு வாக்கியம் சொன்னார்.

தெய்வானை அவர் எழுதிய சீட்டை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வேகமாக என்னிடம் வந்தாள். முகம் முழுக்கப் பல்.

"லொறி நாளைக்கி வருதாம்ணே. நம்ம பாதையிலயேதான் இனிமேயும் வருமாம்." கெப்பின் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். "நாளையிலருந்து நீங்க வர வேணாம்."

ஒரு மனிதனை வேலையிலிருந்து நிறுத்துவதை இவ்வளவு சந்தோஷமாக யாரும் செய்து நான் பார்த்ததில்லை.